‘விமானி தவறு’ என்ற இரண்டு சொல்லுக்குப் பின்னால்

ஆனி மாதக் கடைசி. சென்னையிலிருந்து தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்துக்கு வந்துகொண்டிருந்தோம். இரண்டு இறக்கையிலும் விசிறி சுழலும் சின்ன ஏடிஆர் விமானம். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று கொட்டுகிற காலம் அது. கீழே காற்றாலைகள் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தன. சக்கரம் இறங்கும் சத்தம் கேட்டது, பனந்தலைகள் நெருங்கி வந்தன. இன்னும் சில நொடிதான் என்று நினைத்த நேரத்தில் எஞ்சின் இரைச்சல் கூடி, விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டது. பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. பக்கத்து இருக்கையில் திசையன்விளைக்காரர் ஒரு அண்ணாச்சி. முன் இருக்கையை இறுகப் பிடித்தபடி கேட்டார்: “என்ன தம்பி, இறக்கத் தெரியாதவன்கிட்டயா வண்டியக் குடுத்திருக்கானுவ?”

“தெரிஞ்சதாலதான் அண்ணாச்சி தூக்கிட்டாரு” என்றேன். அவர் நம்பவில்லை. இன்னொரு சுற்று வந்து பத்திரமாக இறங்கினோம். பேச்சு அதோடு நின்றுபோனது. அவரிடம் சொல்ல நினைத்து விட்டுப்போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்படி மேலே தூக்குவதற்கு விமானிகள் சொல்லும் பெயர் ‘கோ அரவுண்ட்’. வேகமோ உயரமோ காற்றோ ஏதாவது ஒன்று கணக்குக்கு ஒத்துவரவில்லை என்றால், இறங்கியே தீருவேன் என்று நிற்காமல் திரும்ப ஏறி, சுற்றி வந்து, முதலிலிருந்து ஆரம்பிப்பது. அதைச் செய்யாமல் விட்டதால் என்ன ஆனது என்பதற்கு, நம் பக்கத்து வீடுகளில் இன்னும் மறக்காத பெயர் மங்களூரு.

2010 மே 22. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737. விடிந்தும் விடியாத காலை ஆறு மணி சுமாருக்கு மங்களூரு ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். மேலப்பாளையம், கடையநல்லூர், ஏர்வாடி என்று வளைகுடாவுக்கு ஆள் போகாத தெருவே இல்லாத ஊர்கள் நம்முடையவை. நம் ஆட்கள் ஏறி இறங்குவது பெரும்பாலும் திருவனந்தபுரத்தில் என்றாலும், அதே மாதிரி பெட்டி கட்டி, அதே மாதிரி இரவு விமானம் பிடித்து வந்தவர்கள்தான் அவர்களும். அன்று டிவி முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாக்களுக்கு அது வேறு மாநிலத்துச் செய்தியாகத் தெரியவில்லை.

விபத்து நடந்த சில நாட்களிலேயே டீக்கடைத் தீர்ப்பு வந்துவிட்டது: பைலட் தூங்கிட்டான். அது பொய்யும் இல்லை. காக்பிட் ஒலிப்பதிவு 2 மணி 5 நிமிடம். அதில் முதல் 1 மணி 40 நிமிடத்துக்கு இரு விமானிகளுக்கும் இடையே பேச்சே இல்லை. தலைமை விமானியின் குறட்டை பதிவாகியிருந்தது. ஆனால் விசாரணை அறிக்கையை வாசித்துப் பார்த்தால், அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று புரியும். 

மனித உடம்பு மிகவும் சோர்ந்திருப்பது பின்னிரவிலிருந்து விடிகாலை வரை. நீண்ட தூக்கத்திலிருந்து எழுந்தவனுக்குக் கண் திறந்த பிறகும் மூளை தெளியக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்தச் சமயம் மங்களூருவின் சுற்றுவட்டாரத்தைக் கண்காணிக்கும் ரேடார் வேலை செய்யவில்லை. அதனால் வழக்கமாகக் கீழே இறங்க ஆரம்பிக்கும் இடத்தைவிட ஊருக்கு நெருக்கமாக வந்த பிறகே இறங்க அனுமதி கிடைத்தது. தெளியாத மூளை, மிச்சமிருக்கும் தூரம் குறைவு. ஓடுபாதைக்கு நேராக வந்தபோது விமானம் இருக்கவேண்டிய உயரத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கில் இருந்தது. செங்குத்தாக இறக்கினார்கள். துணை விமானி மூன்று முறை ‘கோ அரவுண்ட்’ என்றார். எச்சரிக்கைக் கருவியும் கத்தியது. தலைமை விமானி கேட்கவில்லை. சுமார் 8,000 அடி ஓடுபாதையில் 5,200 அடி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. அப்போதும்கூட முழு பிரேக்கைப் போட்டிருந்தால் எல்லைக்குள் நின்றிருக்கும் என்பது பின்னால் போட்ட கணக்கு. ஆனால் தொட்ட பிறகு அவர் திரும்ப மேலே ஏற முயன்றார். மங்களூரு குன்றின் தலையைச் சீவி அமைத்த ஓடுபாதை. அதன் முடிவில் பள்ளம்.

இதில் எனக்கு ஆறாத இடம் துணை விமானி. மூன்று முறை சொன்னவர் ஏன் தானே கையில் எடுத்துத் தூக்கவில்லை? அறிக்கை அதையும் கேட்கிறது. துணை விமானி எப்போது கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுக்கலாம் என்பதில் விதிகள் தெளிவாக இல்லை, ஒருவேளை அதனால்தான் அவர் சொல்வதோடு நின்றிருக்கலாம் என்கிறது. ஆக, குற்றவாளி என்று ஒருவரைக் காட்டிவிட்டு அறிக்கை ஓயவில்லை. தூக்கம், ரேடார், விதிப்புத்தகம், குன்று எல்லாவற்றையும் அது கூட்டி வந்து நிறுத்துகிறது.

நம் ஊரில் குளம் உடைவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 2023 டிசம்பரில் பெய்த மழையில் எத்தனை குளம் உடைந்தது! ஒரு கரை ஏன் உடைந்தது என்று கேட்டால், அந்த ராத்திரி ஷட்டரைத் திறக்காத ஆளைக் காட்டிவிடலாம். ஆனால் மறுகால் தூர்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று, கலுங்கை யார் மண்போட்டு உயர்த்தினார்கள், கரையில் எலி வளை இருந்ததை யார் பார்த்தார்கள், மேலே இருக்கிற குளம் முதலில் உடைந்து மொத்தத் தண்ணீரும் இதில் வந்து விழுந்ததா? கரை உடைந்த இடத்தில் நின்றவன் கடைசி ஆள்தான். அவனை மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்குக் கரை நிற்காது.

விமான விபத்து விசாரணையும் இந்த முறையில்தான் நடக்கவேண்டும் என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆம் இணைப்பு அதை எழுதியே வைத்திருக்கிறது: விசாரணையின் ஒரே நோக்கம் இனிமேல் நடக்காமல் தடுப்பது; யார்மீதும் பழியோ பொறுப்போ சுமத்துவது அதன் வேலை கிடையாது. அதற்குக் கோர்ட் வேறு. அறிக்கைகளில் ‘சாத்தியமான காரணம்’ என்று ஒரு பகுதி வருவதும் இதனால்தான். கிடைத்த சான்றுகளை வைத்து மிகவும் பொருந்துகிற விளக்கம் என்று அதற்குப் பொருள். கூடவே ‘துணைக் காரணங்கள்’ என்றும் ஒரு பகுதி இருக்கும். பத்திரிகைகள் முதல் பகுதியோடு நிறுத்திவிடுகின்றன. படிக்கவேண்டிய விஷயம் இரண்டாவதில் இருக்கிறது.

சரி, மலைக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் என்பதால், விமான விபத்துகளில் என் மனம் அடிக்கடி போய் நிற்பது அங்கேதான். சாரல் காலத்தில் தென்காசியில் நின்று மேற்கே பாருங்கள். காலையில் கைநீட்டினால் தொடலாம் போலத் தெரிந்த மலை பத்து மணிக்கு இருக்காது. அரபிக்கடல் காற்று மலையில் மோதி ஏறும், ஏற ஏறக் குளிரும், குளிர்ந்து மேகமாகும். மேகம் எங்கிருந்தோ மிதந்து வந்து மலையை மூடுவதாக நமக்குத் தோன்றுகிறது. பாதி நேரம் மலைதான் அந்த மேகத்தை உண்டாக்குகிறது. விமானிக்கு இதைவிட மோசமான மறைப்பு கிடையாது. மேகத்துக்குள் பாறை இருக்கும்.

1950 டிசம்பர் 13 அன்று ஒரு ஏர் இந்தியா டகோட்டா விமானம் கோத்தகிரி அருகே நீலகிரி மலையில் மோதியது. யாரும் பிழைக்கவில்லை. அதில் இருந்தவர்களில் ஒருவர் ஆபிரகாம் வால்ட் என்ற புள்ளியியல் அறிஞர். இந்தியாவில் விரிவுரைகள் ஆற்ற மனைவியோடு வந்திருந்தார். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களுக்கு எந்த இடத்தில் கவசம் போடவேண்டும் என்ற கேள்வியை ஆராய்ந்தவர் அவர். திரும்பி வந்த விமானங்களில் துளை அதிகம் விழுந்த இடத்தில் போடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். வால்ட் திருப்பிப் பார்த்தார். அங்கே அடிபட்டும் இவை திரும்பி வந்துவிட்டன. இவற்றில் துளை விழாத இடங்களில் அடி வாங்கிய விமானங்கள்தான் திரும்பவே இல்லை, கவசம் அங்கே வேண்டும் என்றார். திரும்பி வராத விமானத்திடமும் பாடம் கேட்கலாம் என்று காட்டியவர், திரும்பி வராத ஒரு விமானத்தில், நம் மலையில் போனார். இதை முதன்முதலில் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

1971 டிசம்பர் 9. பாகிஸ்தானோடு போர் நடந்துகொண்டிருந்த நாட்கள். திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்குப் போன இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ விமானம், மதுரைக்கு இன்னும் சுமார் 50 மைல் இருக்கும்போதே இறங்க ஆரம்பித்து, பகல் நேரத்தில், தெளிவில்லாத வானத்தில், சின்னமனூர் அருகே மலையில் மோதியது. 21 பேர் இறந்தார்கள், 10 பேர் பிழைத்தார்கள். இந்தியப் படத்தை எடுத்து இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டை மலைத்தொடர் குறுக்கே வெட்டுவது தெரியும். மலை முடிந்துவிட்டது, இனி சமவெளி என்று நம்பிய அந்தச் சில நிமிடம்தான் விபத்து.

இந்த வகை விபத்துக்கு விமானத் துறையில் தனிப்பெயர் உண்டு: கட்டுப்பாட்டில் இருந்தபடியே தரையில் மோதுவது. எஞ்சின் நன்றாக ஓடும், இறக்கை நன்றாக இருக்கும், எல்லாம் சொன்னபடி கேட்கும். விமானிக்குத் தான் இருக்கும் இடம் மட்டும் தெரியாது. பழைய உயரமானி காற்றழுத்தத்தை வைத்துக் கடல்மட்டத்திலிருந்து உயரத்தைச் சொல்லும். காலுக்குக் கீழே தரை எவ்வளவு தூரம் என்பதைச் சொல்லாது. அது 6,000 அடி என்று சரியாகவே காட்டிக்கொண்டிருக்கும்போது, 1,868 மீட்டர், அதாவது 6,100 அடிக்கும் மேல் நிற்கிற அகத்தியர் மலை உச்சி அதைவிட உயரத்தில் இருக்கும்.

மேகத்துக்குள் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நம் உடம்பு. சின்ன வயதில் தட்டாமாலை சுற்றிவிட்டு நின்றால் தரை எதிர்ப்பக்கம் சுற்றும் இல்லையா? உள்காதில் இருக்கும் வளைகுழாய்களில் உள்ள நீர் செய்கிற வேலை அது. அதே நீர், மெதுவான திருப்பத்தை உணராமலே விட்டுவிடும். வெளியே அடிவானம் தெரியாதபோது, விமானம் சாய்ந்து திரும்பிக்கொண்டே இருந்தாலும் நேராகப் போவதாகத்தான் தோன்றும். 1978 புத்தாண்டு இரவு பம்பாயில் ஏறிய ஏர் இந்தியா ஜம்போவில், விமானத்தின் சாய்வைக் காட்டும் தலைமை விமானியின் கருவி பழுதானது. கீழே இருட்டுக் கடல். சாயாத பக்கம் சாய்ந்திருப்பதாக நம்பி அவர் திருத்தப்போக, பாந்திரா கரைக்கு அப்பால் விமானம் கடலுக்குள் போனது. 213 பேரும் இறந்தார்கள். துணை விமானியின் கருவி சரியாகவே காட்டிக்கொண்டிருந்தது.

2021 டிசம்பர் 8ஐ மறந்திருக்க மாட்டோம். சூலூரிலிருந்து வெலிங்டன் போன விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து, முப்படைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் இறந்தார்கள். என்னென்ன சதிக்கதைகள் உலவின அந்த வாரம்! இயந்திரக் கோளாறும் இல்லை, நாச வேலையும் இல்லை என்று விமானப்படை விசாரணை சொன்னது. பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறியது, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, விமானிக்குத் திசையுணர்வு குழம்பியது, கட்டுப்பாட்டில் இருந்தபடியே தரையில் மோதியது. மூன்று வருஷம் கழித்து நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையில் இருந்த அட்டவணையில் அதே விபத்துக்கு நேராக இருந்த காரணம்: ‘மனிதத் தவறு, விமானக் குழு’. செய்திகளும் அதையே தலைப்பாகப் போட்டன. பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் பள்ளத்தாக்கும் மேகமும் காதுக்குள் இருக்கிற நீரும் அந்தச் சொற்களில் காணாமல் போய்விட்டன.

காரணத்தைச் சுருக்காமல் தேடியதால் கிடைத்த பலனையும் சொல்லவேண்டும். 1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் டிடபிள்யூஏ 514 என்ற விமானம் வாஷிங்டன் அருகே மேகம் மூடிய மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். இறங்க அனுமதி என்று கட்டுப்பாட்டு அறை சொன்னதற்கு விமானி ஒரு பொருள் கொண்டார், சொன்னவர் மனதில் இருந்தது வேறு பொருள். விமானியைத் திட்டிவிட்டு அங்கே நிறுத்தவில்லை. தரை நெருங்கினால் குரல் கொடுக்கும் கருவியைப் பெரிய விமானங்களில் கட்டாயமாக்கினார்கள். டான் பேட்மேன் என்ற பொறியாளரும் அவர் குழுவும் அதை வருஷக்கணக்காக மெருகேற்றினார்கள். பிற்பாடு உலகத்தின் மலைகள் மொத்தத்தையும் வரைபடமாக அதன் நினைவில் ஏற்றினார்கள். எதிரே மலை இருந்தால் முன்கூட்டியே அது கத்தும். இந்தக் கருவி காப்பாற்றிய உயிர்களை எண்ணவே முடியாது, ஏனென்றால் அவர்கள் பயணம் செய்தியாகவே ஆகவில்லை. வால்ட் இருந்திருந்தால் ரசித்திருப்பார்.

உலோகத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காமெட், முதல் பயணிகள் ஜெட். 1953 மே 2இல் கல்கத்தாவில் ஏறிய ஒன்று, இடிமழையில் சிதறி 43 பேர் இறந்தார்கள். சூறைக்காற்று, அல்லது காற்றில் விமானி அளவுமீறி இயக்கியது என்று முடித்தார்கள். எட்டு மாதம் கழித்து எல்பா தீவுக்கு அருகே ஒன்று, அப்புறம் 1954 ஏப்ரலில் நேப்பிள்ஸ் அருகே இன்னொன்று. அதன்பிறகு ஒரு முழு விமானத்தை இங்கிலாந்தில் ஃபார்ன்பரோவில் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, ஏறுவதும் இறங்குவதும் போல அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். முன்பு பறந்ததையும் சேர்த்து 3,057ஆவது சுற்றில் ஜன்னல் மூலையில் கிழிந்தது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிகிற அதே கதை. இன்று விமான ஜன்னல்களின் மூலைகள் உருண்டையாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 1985இல் ஜப்பானில் 520 பேரைக் கொன்ற விபத்தும் ஏழு வருஷத்துக்கு முன்னால் வால்பக்கத்தில் செய்த ஒட்டுவேலையில், இரண்டு வரிசை ரிவெட் (தகடுகளைப் பிணைக்கும் ஆணி) தாங்கவேண்டிய பாரத்தை ஒரு வரிசை தாங்கியதில் தொடங்கியது.

இயந்திரம் திருந்திவிட்டது. கத்தும் கருவியும் வந்துவிட்டது. மிச்சமிருந்தது, பக்கத்து இருக்கையில் இருப்பவர் சொன்னால் காது கொடுப்பதுதான். 1977 மார்ச் 27, டெனரீஃப் தீவு. மூடுபனி. ஓடுபாதையில் ஒரு ஜம்போ இருக்கும்போதே இன்னொரு ஜம்போ அனுமதி வராமல் ஓட ஆரம்பித்தது. ரேடியோவில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசியதால் முக்கியமான சொற்கள் இரைச்சலில் மறைந்தன. பின் இருக்கையில் இருந்த ஃப்ளைட் என்ஜினியருக்கு மட்டும் சந்தேகம்; அந்த விமானம் இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். தலைமை விமானி அந்த நிறுவனத்திலேயே பெயர்பெற்ற மூத்தவர். விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொன்னார். என்ஜினியர் அடங்கிவிட்டார். 583 பேர். விமான வரலாற்றில் இதைவிடப் பெரிய விபத்து இன்றுவரை இல்லை.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் நம் வீட்டுக் கூடம் நினைவுக்கு வரும். பெரியப்பா ஒன்று சொல்லிவிட்டால் அது தப்பு என்று தெரிந்தாலும் வாய் திறக்க மாட்டோம். ஒருதடவை சொல்வோம், அதுவும் கேள்வி மாதிரி: “இல்ல பெரியப்பா, அந்தப் பக்கமாப் போனா...?” அவர் முறைத்தால் முடிந்தது. மரியாதை நல்லதுதான், நான் அதில் வளர்ந்தவன். ஆனால் காக்பிட்டில் அந்த மரியாதைக்கு நாம் கொடுத்த விலை மிகப் பெரிது. டெனரீஃபுக்குப் பிறகு, 1979இல் நாசா நடத்திய பயிலரங்கிலிருந்து, இளையவர் எப்படி எதிர்த்துச் சொல்வது, மூத்தவர் எப்படிக் கேட்டுக்கொள்வது என்பதையே ஒரு பயிற்சியாகக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்கள். இன்று விமான நிறுவனங்களின் விமானிகள் எல்லோரும் அதைப் படித்தாகவேண்டும்.

படித்தும் போதவில்லை என்பதை 2020 ஆகஸ்ட் 7 காட்டியது. கொரோனா காலத்தில் துபாயிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்த விமானம். கோழிக்கோட்டில் கொட்டும் மழை, பின்னாலிருந்து தள்ளும் காற்று, மங்களூரு போலவே குன்றின்மேல் ஓடுபாதை. அதன் பாதிக்கு அருகில்தான் விமானம் தரையைத் தொட்டது. அதற்கு முன்னால் ‘கோ அரவுண்ட்’ என்று துணை விமானி சொன்னது பதிவாகியிருக்கிறது. 190 பேரில் இரண்டு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். மங்களூருக்குப் பத்து வருஷம் கழித்து, அதே சொல், அதே பக்கத்து இருக்கை.

2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்தில் 260 பேர் இறந்தார்கள். அடுத்த மாதம் வந்த முதற்கட்ட அறிக்கையில் இருந்ததில் முக்கியமானது இது: ஏறிய உடனே இரண்டு எஞ்சின்களின் எரிபொருள் சுவிட்சும் ஒரு நொடி இடைவெளியில் நிறுத்த நிலைக்குப் போயின, ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்டார், நான் நிறுத்தவில்லை என்று மற்றவர் சொன்னார். என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லும் அறிக்கை அது. அன்று மாலைக்குள் செல்போனில் தீர்ப்பு எழுதி முடித்தவர்கள் ஆயிரம் பேர். இறந்த இரண்டு விமானிகளுக்கும் வீடு இருக்கிறது, பெற்றவர்கள் இருக்கிறார்கள். அதை நினைத்துத்தான் அந்த வாரம் முழுக்க எனக்கு வந்த எந்த ஃபார்வர்டையும் நான் யாருக்கும் அனுப்பவில்லை.

வாகைக்குளத்தில் இப்போது ஓடுபாதை 3,115 மீட்டர். நாங்கள் இறங்கிய அன்று அது பழைய 1,350 மீட்டர்தான். தொடவேண்டிய இடத்தைத் தவறவிட்டால் மிச்சம் அதிகம் இருக்காது. ஏடிஆரில் பின்வாசல் வழியாக இறங்கி, விமானத்தின் பக்கவாட்டில் நடந்து கட்டடத்துக்குப் போனோம். அண்ணாச்சி வேட்டியைக் காற்றுக்குப் பிடித்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். முன்பக்கக் கண்ணாடி வழியே விமானிகள் இருவரும் தெரிந்தார்கள். இடது இருக்கையில் நரைத்த தலை. வலது இருக்கையில் ஒரு இளம்பெண், முப்பது வயதுகூட இருக்காது, ஏதோ தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். அந்த ‘கோ அரவுண்ட்’ இருவரில் யார் வாயிலிருந்து முதலில் வந்தது என்று கேட்கவேண்டும் போல இருந்தது.